நம்பரை எழுதிவிட்டால் போதுமா சிஸ்டர்?

வாசகர் கேள்வி – பதில்

(வடசென்னை வாசகர்களிடமிருந்து நர்சிங் வேலை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். பதில் சொல்பவர், வார்டிலும் நர்சிங் பள்ளியிலும் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர்.)

கேள்வி: அக்கா, தண்டையார்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வைட்டல்ஸை (ஜுரம், நாடி, மூச்சு, பிபி) நேரத்துக்கு எடுக்கிறேன், மருந்தை நேரத்துக்குக் கொடுக்கிறேன். அப்படியும் இன்சார்ஜ் சிஸ்டர் "மெஷின் மாதிரி வேலை செய்யாதே, கொஞ்சம் யோசி" என்கிறார். எதை யோசிக்க வேண்டும் என்று கேட்டால் முறைக்கிறார்.

பதில்: உங்கள் இன்சார்ஜ் சொன்னதில் தப்பில்லை, பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். "யோசி" என்றால் யாருக்கும் யோசனை வந்துவிடாது. எதைப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டும் என்று ஒருவர் கூடவே நின்று காட்ட வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ஜுரம், நாடி, மூச்சு மூன்றையும் எழுதும் உங்கள் வார்டு டி.பி.ஆர். சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை எழுதும் இடத்தைப் பாருங்கள். எல்லா பெட்டுக்கும் 18, இல்லாவிட்டால் 20 என்று இருக்கிறதா? பெரும்பாலான வார்டுகளில் அப்படித்தான் இருக்கும், யாரும் எண்ணுவதில்லை, எண்ணியது போல எழுதுகிறோம். ஆனால் ஒரு உடம்பு கெடத் தொடங்கும்போது பல நேரம் பிபிக்கு முன்பே மூச்சுதான் மாறும். இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய 'நியூஸ்' என்கிற எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் போனால் அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண். வேறு எதுவுமே மாறாவிட்டாலும் ஒரு டாக்டர் உடனே பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அதனால் நாளை டியூட்டியில் ஒரு முழு நிமிடம், மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது போலவே வைத்துக்கொண்டு, மூச்சை எண்ணுங்கள். எண்ணுவது பேஷண்டுக்குத் தெரிந்தால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும்.

அடுத்தது, எந்த நம்பரையும் தனியாகப் படிக்காதீர்கள். 110/70 என்று எழுதினால் கண்ணுக்கு அழகாக இருக்கும். நேற்று வரை 160/90இல் இருந்த ஒரு பெரியவருக்கு அது நல்ல செய்தி இல்லை. நார்மலா இல்லையா என்பதை விட, இவருக்கு இது எப்படி, காலையில் எப்படி இருந்தது, ஏன் மாறியது என்பதுதான் கேள்வி.

நம் ஊருக்கு இதை டெங்குவை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். மழைக்காலத்தில் உங்கள் நர்சிங் ஹோமிலும் பாதி பெட் அதுதானே. நாலு நாளாக 102, 103 என்று கொதித்த பையனுக்கு ஐந்தாம் நாள் காலை ஜுரம் விட்டுவிடுகிறது. அம்மா சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்கிறார், சார்ட்டில் 98.6 என்று எழுதும்போது நமக்கும் ஒரு நிம்மதி. ஆனால் டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே ஜுரம் இறங்கும் அந்த நேரத்தில்தான். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிற 24 முதல் 48 மணி நேரம் அது. அப்போது வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், காரணமில்லாத சிடுசிடுப்பு, இல்லாவிட்டால் சுருண்டு படுப்பது, ஜில்லென்ற கை கால், குறைகிற சிறுநீர் எல்லாவற்றையும் தேட வேண்டும். பிபி 100/80 என்று வருகிறது என்று வையுங்கள். மேல் நம்பர் பரவாயில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடலாம். மேலிருந்து கீழைக் கழித்துப் பார்ப்பவருக்கு 20 என்று வரும். டெங்குவில் அந்த இடைவெளி 20க்கு வந்துவிட்டாலே ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத ஆபத்தான நிலை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கழித்தல் கணக்கைத்தான் உங்கள் இன்சார்ஜ் "யோசி" என்கிறார்.

கேள்வி: மேடம், ராயபுரம் பக்கம் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். சுகப்பிரசவமாகி ஒரு மணி நேரம்கூட ஆகாத அம்மாவுக்கு ரத்தப்போக்கு அதிகமாகத் தெரிந்தது, முகம் வெளுத்திருந்தது, நாடி 118, பிபி 110/70. டியூட்டி டாக்டருக்கு போன் போட்டு "கொஞ்சம் ப்ளீடிங் அதிகமா இருக்கு, ஒரு மாதிரி இருக்காங்க" என்றேன். "பிபி நார்மல்தானே, எதுக்கு எழுப்பறே" என்று வைத்துவிட்டார். கடைசியில் சீனியர் சிஸ்டர் பேசித்தான் வந்தார். அந்த அம்மா நலமாகிவிட்டார். ஆனால் எனக்கு இனி போன் எடுக்கவே கை நடுங்குகிறது.

பதில்: முதலில், நீங்கள் பார்த்தது சரி. இளம் தாய்மாருக்கு உடம்பு வெகுநேரம் பிபியைத் தாங்கிப் பிடிக்கும், நிறைய ரத்தம் போன பிறகுதான் அது விழும், அதற்கு முன்னால் நாடி ஓட ஆரம்பித்துவிடும். நாடியை மேல் பிபியால் வகுத்துப் பாருங்கள். 118ஐ 110ஆல் வகுத்தால் 1க்கு மேல். பிரசவமான பெண்ணுக்கு 0.9ஐத் தொட்டாலே எச்சரிக்கை. ஆக "பிபி நார்மல்" என்று டாக்டர் சொன்னதற்கு உங்கள் கையிலேயே பதில் இருந்தது.

டாக்டரிடம் மரியாதை இல்லாமல் நான் பேசச் சொல்லவில்லை. ஆனால் தூக்கத்தில் இருக்கிற ஒரு மனுஷனிடம் "ஒரு மாதிரி இருக்காங்க" என்றால் அவர் என்னத்தைப் புரிந்துகொள்வார்? "கொஞ்சம் அதிகம்" என்பது யார் கண்ணுக்கு எவ்வளவு? கண்ணால் மதிப்பிட்டால் ரத்தப்போக்கு கிட்டத்தட்ட எப்போதும் குறைவாகத்தான் தெரியும், அனுபவசாலிகளுக்கும் அப்படித்தான். நனைந்த பேடை எடை போட்டு, காய்ந்த பேடின் எடையைக் கழியுங்கள், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. சுகப்பிரசவத்தில் 500 மில்லியைத் தாண்டினால் அது அதிக ரத்தப்போக்கு, வாதமே வேண்டாம். 2023இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்து, கர்ப்பப்பை மசாஜ், கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட், டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கிய ஆஸ்பத்திரிகளில், கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் பெரிய ஆபரேஷனும் மரணமும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. பாதி வித்தை அளப்பதில் இருக்கிறது.

பேசுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது, 'எஸ்பார்' (SBAR) என்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். நம் பாஷையில் இப்படி வரும்: "சார், லேபர் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசறேன். 3ஆம் பெட், டெலிவரி ஆகி 50 நிமிஷம், பேடை எடை போட்டதுல 600 மில்லி போயிருக்கு, இன்னும் நிக்கல. ரெண்டாவது பிரசவம், டெலிவரிக்கு முன்னாடி ஹீமோகுளோபின் 9. நாடி 90லேருந்து 118க்குப் போயிருக்கு, பிபி 110/70, கர்ப்பப்பை தளர்வா இருக்கு. ப்ளீடிங்ல ஷாக்குக்குப் போறாங்கன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பாக்கணும் சார். ரெண்டாவது லைன் போட்டு கிராஸ் மேட்சுக்கு ரத்தம் எடுக்கட்டுமா?" (ரெண்டாவது லைன் என்றால் இன்னொரு டிரிப்ஸ் ஊசி, கிராஸ் மேட்ச் என்றால் ஏற்றப்போகும் ரத்தம் பொருந்துமா என்று பார்ப்பது.) இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

கடைசிக் கேள்வியைக் கவனித்தீர்களா? ஆமாம், இல்லை என்று அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். நம்மில் பலர் தடுமாறுவது "நினைக்கிறேன்" என்ற இடத்தில்தான். நர்ஸ் நினைக்கக் கூடாது, டாக்டர்தான் நினைக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், அது மண்டையிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. நோய்க்குப் பெயர் வைப்பது அவர் வேலை. பேஷண்ட் மோசமாகிறார் என்று சொல்வது நம் வேலை. அப்புறமும் வரவில்லையா, அடுத்த சீனியரைக் கூப்பிடுங்கள், கூப்பிட்ட நேரம், சொன்ன விஷயம், வந்த பதில் மூன்றையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். கோபத்தை எழுத வேண்டாம், நேரத்தை எழுதுங்கள்.

கேள்வி: வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன், ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ இரண்டாம் வருடம். கேர் பிளான் (ஒரு பேஷண்டுக்கு என்ன பிரச்சினை, என்ன கவனிப்பு என்ற திட்டம்) எழுதுவதற்கு எல்லாரும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். இதனால் என்ன பிரயோஜனம்?

பதில்: ஒரு பிரயோஜனமும் இல்லை தம்பி, கையெழுத்து வேண்டுமானால் நன்றாகும். "வலி, அறுவை சிகிச்சை காரணமாக" என்று ஒரே வரி எத்தனை வருடமாகக் கைமாறிக்கொண்டிருக்கிறதோ! வாரம் ஒரே ஒரு பேஷண்டுக்காவது நிஜமாக எழுதுங்கள். ஹெர்னியா ஆபரேஷன் ஆன லோடுமேன் ஒருவர் வலிக்கவே இல்லை என்கிறார், ஆனால் இரும மறுக்கிறார், திரும்பிப் படுக்க மறுக்கிறார். அப்படியென்றால் வலியை மறைக்கிறார். ஏன்? ஊசிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள் என்ற பயமாக இருக்கலாம், கேட்டால்தானே தெரியும். அவர் இருமாவிட்டால் சளி கட்டும், நாளைக்கு ஜுரம் வரும். இதை எழுதுங்கள், மார்க் குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: காசிமேட்டில் ஒரு கிளினிக்கில் வேலை. ஒருவருக்கு விரலில் மாட்டும் மெஷினில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 84 காட்டியது, பதறிப் போய் ஆக்ஸிஜன் வைத்தேன். டாக்டர் வந்து விரலைத் தேய்த்துவிட்டு மறுபடி போட்டார், 97. எல்லார் முன்னாலும் அவமானம். அப்போ மெஷினை நம்புவதா வேண்டாமா?

பதில்: ஆக்ஸிஜன் வைத்தது குற்றமில்லை, அவமானப்பட ஒன்றும் இல்லை. விடியற்காலையிலிருந்து ஐஸ் பெட்டியில் கை விட்டு மீன் பிரித்தவராக இருந்தால் விரலில் ரத்த ஓட்டம் எங்கே இருக்கும்? மெஷின் காட்டும் நாடியும் நீங்கள் கையில் பிடிக்கும் நாடியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த சாச்சுரேஷனையும் நம்ப வேண்டாம், விரலைச் சூடாக்கி மறுபடி போடுங்கள், நெயில் பாலிஷ் இருந்தால் துடையுங்கள்.

இதை விடப் பெரிய ஏமாற்று எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஹீமோகுளோபின் 6 உள்ளவருக்கும் 98 காட்டும், ஏனென்றால் இருக்கிற கொஞ்ச ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கிறது. புகையில் மாட்டியவருக்கு, கார்பன் மோனாக்ஸைடு ஏறியிருந்தாலும் நன்றாகவே காட்டும். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன, நம் ஊரில் அதை மறக்கவே கூடாது. 97 காட்டுகிறது, ஆனால் ஆள் உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி நிமிடத்துக்கு 32 மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

கேள்வி: என் அம்மாவைத் திருவொற்றியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வரும் நர்ஸ் எல்லாம் "உங்க பேர் என்னம்மா, சாப்பிட்டீங்களா" என்று அதையே கேட்கிறார்கள். கையில் பட்டை கட்டியிருக்கிறது, படிக்கத் தெரியாதா?

பதில்: கேட்கட்டும் சார், கேட்காதவர்களைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். "நீங்க லட்சுமியா?" என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார், அதனால்தான் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்கிறார்கள். ஒரு வார்டில் மூன்று லட்சுமி இருப்பது நம் பக்கம் சகஜம். சாப்பிட்டீர்களா என்பது குசலம் விசாரிப்பு இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் இன்சுலின் போடலாமா வேண்டாமா என்பதே அந்தப் பதிலில் இருக்கிறது. சாப்பிடாதவருக்கு சாப்பாட்டு நேர இன்சுலினைப் போட்டுவிட்டால் சர்க்கரை 70க்குக் கீழே போய் வியர்த்து மயங்கிவிடுவார்.

கேள்வி: நான் பெரம்பூர், இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். பேஷண்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். இப்போது வரும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஏன், எதற்கு என்கிறார்கள். அனுபவத்தை விடவா இந்தக் கேள்விகள் பெரிது?

பதில்: பார்த்ததுமே தெரிவது நிஜம் சிஸ்டர், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ் 1984இலேயே இதை எழுதிவைத்தார். புதிதாக வருபவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார், ஐந்து படி ஏறி நிபுணரானவர் முழு நிலைமையையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார் என்று. ஆனால் பார்த்ததும் தோன்றியது சரியாக இருந்ததா என்று பிறகு போய்ச் சரிபார்த்தவருக்குத்தான் அந்தக் கண் வரும். சரிபார்க்காமல் இருபது வருடம் ஓட்டினால் பழக்கம்தான் மிஞ்சும், அதற்கு அனுபவம் என்று பெயர் சொல்லிக்கொள்வோம்.

ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவரைத் தூக்கிவருகிறார்கள், சாராய வாடை, உளறல். "குடிச்சிட்டு வந்திருக்கான், ஓரமா படுக்க வை, காலையில தெளிஞ்சிடும்." நம் பகுதி கேஷுவால்டியில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் உண்டா? பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சரி. சர்க்கரை 40 இருந்தால்? வரும் வழியில் வண்டியிலிருந்து விழுந்து மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால்? குடித்தவருக்கு இவை இரண்டும் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், குறைவு இல்லை. குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு, டார்ச் அடித்துக் கண்மணி இரண்டும் ஒரே அளவா என்று ஒரு பார்வை, முடிந்தது. அதே போல "வயசாச்சு, குழப்பமா பேசறாங்க" என்று விடுகிறோமே, நேற்று வரை பேரன் பெயர் சொன்ன பாட்டி இன்று சொல்லவில்லை என்றால் அது வயசு இல்லை. முதியவர்களுக்கு நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ ஜுரமே இல்லாமல் குழப்பமாக மட்டும் வரலாம்.

இன்னொன்று, எங்கே வீடு, என்ன வேலை என்று கேட்பது. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அப்படி ஒரு ராத்திரியில் முதலில் வருகிற ஒருவரைப் பார்த்தால் ஆஸ்துமா போலத்தான் இருக்கும். எந்தத் தெரு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் இருக்கிறதா என்று கேட்கும் நர்ஸ்தான் இது வேறு என்று முதலில் சொல்வார். அதற்கு மூன்று வாரம் முன்னால் மிக்ஜாம் புயல் வெள்ளம். ஜுரத்தோடு கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணுமாக வருபவரிடம் தண்ணீரில் நடந்தீர்களா என்று கேட்டால், எலிக்காய்ச்சல் நினைவுக்கு வரும்.

அதனால் அந்தப் பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லும்போது உங்களுக்கே அதில் ஓட்டை தெரியும், எனக்குப் பலமுறை தெரிந்திருக்கிறது.

கேள்வி: எண்ணூரிலிருந்து. கிரிட்டிக்கல் திங்கிங் என்று ஆன்லைனில் பணம் கட்டிப் படிக்கும் கோர்ஸ் வருகிறது, சர்டிஃபிகேட்டும் தருகிறார்களாம். வெளிநாடு போக உதவுமா?

பதில்: சர்டிஃபிகேட்டுக்காக என்றால் பணத்தைக் கையில் வைத்திருங்கள். அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க எழுதும் என்கிளெக்ஸ் (NCLEX) உரிமத் தேர்வே 2023 ஏப்ரலிலிருந்து மாறிவிட்டது. ஒரு பேஷண்டின் கேஸைக் கொடுத்து, இதில் எந்த அறிகுறி முக்கியம், அது எதைக் காட்டுகிறது, எதை முதலில் கவனிப்பீர்கள், என்ன செய்யலாம், எதைச் செய்வீர்கள், செய்தபின் பலன் தந்ததா என்று ஆறு கட்டமாகக் கேட்கிறார்கள். இதற்கு மனப்பாடம் உதவாது, உங்கள் வார்டுதான் பயிற்சி. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது ஒரு பேஷண்டை இந்த ஆறு கேள்வியில் ஓட்டிப் பாருங்கள், இலவசம்.

கேள்வி: கொடுங்கையூரிலிருந்து எழுதுகிறேன். நைட்டில் நாற்பது பேருக்கு நாங்கள் இரண்டு நர்ஸ். இதில் யோசிக்க நேரம் எங்கே அம்மா? எல்லாம் ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்பவர்களுக்குச் சுலபம்.

பதில்: நீங்கள் சொல்வது நியாயம். இதற்கு "மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று நான் பதில் எழுதினால் நீங்கள் பத்திரிகையைக் கிழித்துப் போடலாம். நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஐகன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டதில், ஒரு நர்ஸுக்கு ஒரு பேஷண்ட் கூடும்போதெல்லாம், ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் அபாயம் சுமார் 7 சதவீதம் ஏறுகிறது என்று தெரிந்தது. அங்கே பேசியது நாலுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, நீங்கள் இருபதில் நிற்கிறீர்கள். யோசனை குறைவதற்கு நர்ஸின் சோம்பேறித்தனம் காரணமில்லை.

அது மாறும் வரை செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். ஷிஃப்ட் மாறி ஓவர் எடுக்கும்போது நர்ஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து நோட்டைப் படிக்காமல், முந்தைய ஷிஃப்ட் சிஸ்டரோடு பெட் பெட்டாக நடந்து எடுங்கள், பத்து நிமிடம் கூடும், கூடட்டும். நாற்பது பேரையும் ஒரே மாதிரி பார்க்க உங்களால் முடியாது, முயலவும் வேண்டாம். விடிவதற்குள் மோசமாகக்கூடியவர் யார் என்று நாலைந்து பேரை அங்கேயே தீர்மானியுங்கள்: இன்று ஆபரேஷன் ஆனவர், ஆக்ஸிஜனில் இருப்பவர், ஜுரம் விட்ட டெங்கு, புதிதாகக் குழப்பமாகப் பேசும் முதியவர், ரத்தம் ஏற ஆரம்பித்து 15 நிமிடம் ஆகாதவர். அவர்களை அடிக்கடி பாருங்கள், மூச்சை எண்ணிப் பாருங்கள். மற்றவர்களுக்குக் கூட இருக்கும் சொந்தக்காரரிடம் "எதாவதுன்னா கூப்பிடுங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், மூச்சு வாங்கினால், கட்டு நனைந்தால், எழுப்பி எழுந்திருக்காவிட்டால் என்று பிரித்துச் சொல்லுங்கள். அவர்கள் நன்றாகவே கவனிப்பார்கள். நைட் ரிப்போர்ட்டில் பேஷண்ட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நர்ஸ் எண்ணிக்கையையும் தினமும் எழுதுங்கள். ஆள் போதவில்லை என்று மேலே யாராவது கேட்கப் போகும்போது அந்த ரிப்போர்ட்டுகளைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போக முடியும்.